எட்டு மூச்சு

ஜூன் 1

அக்கா,

நல்லா இருக்கேன்னு ஆரம்பிக்கலாம்னு பார்த்தேன், வரல. பயமா இருக்கு. முதல் வரியிலயே சொல்லிட்டேன், இனிமே மீதியை எழுத முடியும்.

ரெண்டு மாசம் முடிஞ்சுது, இன்னும் நாலு மாசம். அப்புறம் உங்க ஆபீஸ் ஆளுங்க வந்து இந்த லைட்ஹவுஸ் லென்ஸைக் கழட்டி மியூசியத்துக்கு எடுத்துட்டுப் போவாங்க. அதுவரைக்கும் மாஸ்டருக்குக் கூடமாட இருக்கணும், லென்ஸைத் துடைக்கணும், மியூசியத்துல மாட்டறதுக்கு அதோட சரித்திரத்தை நாலு பக்கம் எழுதணும். நீ வாங்கிக் குடுத்த வேலை. காலேஜை மூணாவது வருஷம் விட்டவன், ஒர்க்‌ஷாப்பை மூணாவது வாரம் விட்டவன். "இதையும் பாதியில விட்டுட்டு வந்தா என் மூஞ்சியில முழிக்காதே"ன்னு படகுத்துறையில எல்லார் முன்னாடியும் சொன்ன பாரு, அது இன்னும் காதுலயே இருக்கு. அதனால விடல. ஆனா இங்க நடக்கறதை நீ தெரிஞ்சுக்கணும்.

தீவுல நாங்க ரெண்டே பேர்தான். மாஸ்டர் மூணு வருஷமா இங்க விளக்கு ஏத்தறாரு. நான் வந்த புதுசுல நல்லாத்தான் இருந்தாரு, சீட்டு ஆடுவோம், தோத்தா சிரிப்பாரு. இப்போ பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா வர்ற சாமான் படகு தெரிஞ்சாலே மேல ஓடிக் கதவைச் சாத்திக்கறாரு. போன வாரம் வயர்லெஸ் பெட்டியோட வயரை வேரோட பிடுங்கிட்டாரு. யாரோ அதுக்குள்ள உக்காந்து ஒட்டுக் கேக்கறாங்களாம்.

நேத்து மத்தியானம், நல்ல வெயில். பகல்ல சுத்தியும் திரை போட்டுத்தான் வைக்கணும், இல்லேன்னா லென்ஸ் வெயிலை ஒரே இடத்துல குவிச்சு ரூமையே கொளுத்திடும். திரைக்குள்ள அடுப்படி மாதிரி வெந்துட்டு இந்தப் பக்கம் துடைச்சுட்டிருந்தேன். அந்தப் பக்கம் அவர் நிக்கறது எனக்குத் தெரியாது. கண்ணாடிக்குள்ள திடீர்னு ஒரு கண்ணு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. இமைக்கவே இல்ல. அப்புறம் ரகசியம் மாதிரி கேட்டாரு, "அது உன்னையும் பாக்குதா?"

துணியைப் போட்டுட்டு நூத்தி எழுபது படியும் எப்படி இறங்கினேன்னே தெரியல.

உன் ரெக்கார்டு ரூம்ல இந்தத் தீவோட பழைய டைரி எல்லாம் இருக்கும்ல? சரித்திரம் எழுதறதுக்குன்னு வெச்சுக்கோ. எனக்கு வேண்டியது வேற. இவருக்கு முன்னாடி இங்க இருந்தவங்களுக்கு என்ன ஆச்சு?

வாலு


ஜூன் 10

வாலு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது கோபம். ஒவ்வொன்றையும் விடுவதற்கு முன் உனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். காலேஜில் ஹாஸ்டல் வார்டன், ஒர்க்‌ஷாப்பில் முதலாளியின் குரல், இப்போது தட்டு அளவுக் கண். அப்பாவிடம் காட்டினால் "அடுத்த மூட்டையைக் கட்ட ஆரம்பிச்சுட்டான் பாரு" என்பார். அதனால் காட்டவில்லை.

ஆனாலும் டைரிகளை எடுத்தேன். எண்பத்து நான்கு வருடம், பதினேழு கட்டு. மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் போயிற்று.

முதலில் உன் நாலு பக்கத்துக்கு. லென்ஸ் வெளிநாட்டிலிருந்து நாற்பத்தாறு மரப்பெட்டிகளில் வந்தது. படகிலிருந்து இறக்கும்போது ஒரு பெட்டி கடலில் விழுந்துவிட்டது. லென்ஸின் ஆறு முகப்பில் ஒரு முகப்பு போயிற்று. அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு பித்தளைத் தகட்டை அடித்து விளக்கை ஏற்றிவிட்டார்கள். புதுக் கண்ணாடி வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் கப்பல்காரர்கள், லென்ஸ் ஒரு சுற்றுச் சுற்றினால் ஐந்து ஒளி வெட்டு, ஒரு இருட்டு என்று அந்த ஓட்டையை வைத்தே விளக்கை அடையாளம் பழகியிருந்தார்கள். மாற்றக் கூடாது என்று அவர்களே மனுக் கொடுத்தார்களாம். வந்த கண்ணாடியைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

முதல் முப்பத்தொரு வருடம் படிக்கச் சிரிப்பாக இருந்தது. கோழி குஞ்சு பொரித்தது, ஒருவருக்கொருவர் தாடி சிரைத்துவிட்டது எல்லாம் எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் விளக்கை எடுத்துவிட்டு மின்சார விளக்கு வைத்ததும் அந்த முப்பத்தோராம் வருடம்தான். அடுத்த மாதத்தில் நல்ல உருண்டைக் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அப்படியே தருகிறேன்: "இன்று எட்டு மூச்சும் அடைத்தாயிற்று. இனி நிம்மதி."

அந்த வருடம் தீவில் இருந்தது மூன்று பேர்தான், வாலு. மீதி ஐந்து மூச்சு யாருடையது?

அதே ஆள் பத்து மாதம் கழித்து எழுதியிருக்கிறான்: "கண்ணாடி பார்க்கிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் பார்க்கிறது." அவனுக்குப் பின் வந்தவர்களில் ஒருவன் பட்டப்பகலில் கடலில் இறங்கி நடந்தான். இன்னொருவன் ஊர் திரும்பிச் சுவரைப் பார்த்தபடியே இருந்தான் என்று அவன் மனைவி கடிதம் எழுதியிருக்கிறாள். எல்லாருக்கும் முதலில் ஒன்றும் இல்லை, சிலருக்கு ஆறேழு மாதம், சிலருக்கு இரண்டு மூன்று வருடம். பிறகுதான்.

டைரியை மூடிவிட்டு ஆள் நடமாட்டம் இருக்கிற வராந்தாவில் போய் நின்றேன். பயந்தவள் நான், உன்னைப் பயப்படாதே என்று எப்படிச் சொல்ல? ஆனால் பழைய கதை பழைய கதைதான். இன்னும் நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. மாஸ்டரிடம் வம்புக்குப் போகாதே.

அக்கா


ஜூன் 30

அக்கா,

உன் எட்டு மூச்சைக் கேட்டு நான் நாலு நாள் தூங்கல. அஞ்சு பேர் யாருன்னு யோசிச்சு யோசிச்சு, மாடிப்படி வளைவுல திரும்பறப்ப எல்லாம் எண்ணிட்டே ஏறினேன். கடைசியில தாங்காம மாஸ்டர்கிட்டயே கேட்டுட்டேன். அவரு சிரிச்சாரு பாரு, ஒரு மாசத்துக்கப்புறம் சிரிக்கிறாரு, அது அழுகையை விட மோசமா இருந்துச்சு. கையைப் பிடிச்சு மேல இழுத்துட்டுப் போனாரு. லென்ஸ் ரூமோட சுவத்துல, முழங்கால் உயரத்துக்கு, சுத்தியும் எட்டு வட்டம். உள்ள சிமெண்ட். "இதான் உங்க அக்காவோட எட்டுப் பொணம்"னாரு.

ஓட்டை, அக்கா. காத்து ஓட்டை. லைட்ஹவுஸ்காரங்க பாஷையில அதுக்குப் பேரு மூச்சு. எண்ணெய் விளக்கு எரிஞ்சப்ப புகை வெளிய போறதுக்கு வெச்சது. கரெண்ட் வந்ததும் புகை இல்ல, உப்புக் காத்து மட்டும் உள்ள வந்து கண்ணாடியை மங்கடிச்சுது, தினம் துடைச்சுத் துடைச்சுக் கை போச்சு, அதனால அடைச்சுட்டாங்க. இனி நிம்மதின்னு எழுதினது அதுக்குத்தான். ரெக்கார்டு ரூம்ல பத்து வருஷம் இருக்கியே, ஒரு ஓட்டைக்கும் ஆவிக்கும் வித்தியாசம் தெரியலையா? சிரிச்சுட்டேன் நானும்.

சிரிச்சது அன்னைக்கு மட்டும்தான். மாஸ்டர் தலையணைக்கு அடியில கத்தி வெச்சிருக்காரு. காய் நறுக்கறது இல்ல, கயிறு அறுக்கறது. அவரு வெளிய போனப்ப எடுத்துக் கடல்ல போட்டேன். வந்து தேடினாரு, ஒண்ணுமே கேக்கல. கேக்காதது இன்னும் பயம்.

லென்ஸைப் பத்தி ஒண்ணு சொல்லணும், அதுல மட்டும்தான் இப்ப எனக்கு நிம்மதி. மூணு டன் கண்ணாடி, நான் சுண்டுவிரலால தள்ளினா சுத்துது. ஏன் தெரியுமா? கீழ வட்டத் தொட்டி, அது நிறையப் பாதரசம், அதுல மிதக்குது. மாசத்துக்கு ஒருக்கா அதைக் கரண்டியால மொண்டு வேட்டித் துணியில வடிகட்டி அழுக்கு எடுக்கணும். மாஸ்டருக்குக் கை நடுங்கறதால இந்த மூணு மாசமா நான்தான். சின்ன வயசுல காய்ச்சல் பாக்கற குச்சியை உடைச்சு அந்த உருண்டையை உருட்டி விளையாடினோமே, இங்க குடம் குடமா இருக்கு. கையை உள்ள விட்டா வெளிய தள்ளுது. மத்தியானம் கதவைச் சாத்திட்டு அங்கேயே படுத்துக்கறேன், மாஸ்டர்கிட்டேர்ந்து தப்பிக்க வேற இடம் இல்ல.

வாய் முழுக்க இரும்பை நக்கின மாதிரி இருக்கு. பல்லு தேய்ச்சா ரத்தம். கை கொஞ்சம் ஆடுது, கடல் காத்து. நேத்து குழம்புல உப்பு கம்மின்னு மாஸ்டர் சொன்னதுக்குத் தட்டைச் சுவத்துல அடிச்சேன். நான் அப்படிச் செய்றவனா?

போன தடவை படகு வந்தப்போ படகுக்காரர்கிட்ட என்னமோ பேசப் பிடிக்கல. சாமானை வாங்கிட்டுத் திரும்பிட்டேன்.

வாலு


ஜூலை 8

வாலு,

இதைப் படிக்கும்போது நீ எங்கே இருக்கிறாய்? லென்ஸ் அறையில் என்றால் முதலில் கீழே இறங்கு. படியில் உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்ததும் ஒரு இடம் கண்ணில் உறுத்தியது. 'எண்ணெய்' என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘ண’வுக்கு மூன்று சுழி இருக்க வேண்டும். நீ போட்டதில் ஐந்து. நடுங்கி நடுங்கிக் கூடுதலாய் இரண்டு சுழி விழுந்திருக்கிறது. ஜூன் முதல் தேதிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், சரியாக மூன்று. அதே நிமிடம் ரெக்கார்டு ரூமுக்கு ஓடி, மூச்சை அடைத்தவனின் டைரியைப் பிரித்தேன். அடைத்த வாரத்தில் அவன் எழுதிய ‘ண’ அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. ஆறாம் மாதம் நாலு சுழி. எட்டாம் மாதம் எண்ண முடியவில்லை. அவனுக்குப் பின் வந்தவர்கள் எல்லாரையும் பார்த்தேன். ஒவ்வொருவனும் உருண்டையாகத் தொடங்கி, புழு நெளிகிற மாதிரி முடித்திருக்கிறான். அடைப்பதற்கு முன் இருந்த முப்பத்தொரு வருடத்தில் ஒருவன் கையும் ஆடவில்லை.

உன் கடிதத்தையும் அந்த டைரியையும் எடுத்துக்கொண்டு துறைமுக ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனேன். தம்பிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லத்தான் போனேன், அவ்வளவு பயம். அவர் உன் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க தம்பி கூச்ச சுபாவமா?"

அவனா என்று சிரித்துவிட்டேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையே கலாய்க்கிற ஆள் என்றேன்.

"படகுக்காரர்கிட்ட பேசப் பிடிக்கலைன்னு எழுதியிருக்கானே. இந்த வியாதியில பயம் வரும், கோபம் வரும், கை நடுங்கும். எல்லாத்தையும் விட மோசம் கூச்சம். மனுஷ முகத்தைப் பார்த்தா ஓடி ஒளிஞ்சுக்குவாங்க. கூட்டிட்டு வரப் போனாலும் கிடைக்க மாட்டாங்க. சீக்கிரம் வரச் சொல்லுங்க."

பேய் இல்லை, வாலு. பாதரசம். திரை போட்ட அறை, மத்தியான வெயில், திறந்த தொட்டி. அது கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிறது, நீ அதற்குள் படுத்துத் தூங்குகிறாய், அதனால்தான் உனக்கு மூன்றே மாதத்தில். எட்டு மூச்சும் திறந்திருந்தவரை காற்று அதை வெளியே கொண்டுபோனது. அடைத்த அன்றைக்கு எட்டு பேர் சாகவில்லைதான். ஆனால் அன்றிலிருந்துதான் சாக ஆரம்பித்தார்கள்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. அவர் உன்னைவிட மூன்று வருடம் முன்னால் இருக்கிறார், அவ்வளவுதான்.

நான் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்த வேலையைப் பாதியில் விடு. சரித்திரத்தைப் பாதியில் விடு. பதினாறாம் தேதி வருகிற படகிலேயே ஏறி வா, மாஸ்டரையும் எப்படியாவது ஏற்று. மாட்டேன் என்றால் நீ மட்டுமாவது வா. யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன், அப்பா உட்பட.

அக்கா


ஜூலை 15

அக்கா,

நாளைக்குப் படகு. இதைத் துறையில இருக்கற தகர டப்பாவுல முன்னாடியே வெச்சுடறேன். சாமானையும் அங்கேயே இறக்கச் சொல்லிச் சீட்டு எழுதி ஒட்டிட்டேன். படகுக்காரர் மேல வர வேண்டாம். அவர் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கறாரு. ஊர்ல போய்ச் சொல்றாரு. எனக்குத் தெரியும்.

நீயும் சிரிச்சிருப்ப.

மாஸ்டர் சொல்றது சரி. அது பாக்குது. பித்தளைத் தகடு இருக்கற பக்கம் வர்றப்ப மட்டும் பாக்கல. அதனால தகடு சுத்தற கூடவே நாங்களும் சுத்திச் சுத்தி நடக்கறோம். நான் முன்னாடி, அவரு பின்னாடி.

எனக்கு ஒண்ணும் இல்ல. யாரையும் அனுப்பாத.

வாலு


ஜூலை 19

வாலு,

படகுக்காரர் வந்து சொன்னார். ஒரு மணி நேரம் ஹாரன் அடித்தாராம். மேலே திரைக்கு நடுவில் இரண்டு முகம் தெரிந்ததாம், கை காட்டியதும் மறைந்ததாம். என் கடிதத்தை டப்பாவில் வைத்துவிட்டு, உன்னுடையதை எடுத்து வந்தார். நீ எனக்கு எழுதியதிலேயே இதுதான் சின்னக் கடிதம். எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

என் கடிதத்தை எடுத்துப் படித்தாயா? படிக்கவில்லை என்றால் இதைப் போட்டுவிட்டு முதலில் அதைப் படி. படித்தும் நம்பவில்லை என்றால், நம்ப வேண்டாம். ஆனால் சொன்னதைச் செய். நம்பாமலே செய்யலாம்.

எங்கள் ஆபீஸ் இன்ஜினியரிடம் போய்ப் பாதரசத்தைப் பற்றிச் சொன்னேன். விளக்கை ஒரு நாள் அணைத்தாலும் கப்பல்காரர்களுக்கு யார் பதில் சொல்வது என்றார். ஏழு டைரியைக் கொண்டுபோய் மேஜை மேல் விரித்து, ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியை மேஜையிலிருந்து ஒரு அடி பின்னால் தள்ளிக்கொண்டார். டைரியிலேயே பாதரசம் இருக்கிற மாதிரி.

இருபத்து மூன்றாம் தேதி காலை தனிப் படகு வருகிறது. லென்ஸ் அறையைச் சுற்றியிருக்கிற பால்கனியின் கம்பியில் வெளிப்பக்கமாகக் கட்ட ஒரு விளக்கு கொண்டுவருகிறார்கள், ஏற்றுவதற்கு வேறு ஆளும் வருகிறார். இருட்டாகிவிடும் என்று மாஸ்டர் பயப்பட வேண்டாம், அதை அவரிடம் சொல். நான் வருகிறேன். இந்தக் கடிதம் மீன்பிடிப் படகில் முன்னால் வருகிறது.

நாலு நாள் இருக்கிறது. சுத்தியலை எடு. பால்கனியில் நின்று வெளியிலிருந்து மூச்சுகளை உடை. உள்ளே போகாதே. விளக்கு போடுகிற நேரம் தவிர மேலே ஏறவே வேண்டாம். இரண்டு பேரும் துறைக்குப் பக்கத்துச் சாமான் கொட்டகையில் கதவைத் திறந்து வைத்துப் படுங்கள்.

உனக்கு என்னைப் பார்க்கப் பயமாக இருக்கும். அது உன் பயம் இல்லை, அந்தத் தொட்டியின் பயம் என்று டாக்டரம்மா சொல்கிறார். சொல்வது சுலபம், எனக்குத் தெரியும். உன் மூஞ்சியில் நான் முழிக்க வேண்டும், வாலு. அதற்காகத்தான் வருகிறேன்.

அக்கா


ஜூலை 23

அக்கா,

இதை அனுப்பறதுக்கு யாரும் இல்ல, கையில குடுக்கத்தான். வாயால சொல்ல வராது, அதனால எழுதறேன்.

படகு தெரியுது. முன்னாடி நிக்கறது நீன்னு தெரியுது. கொட்டகைக்குப் பின்னாடி பாறை இடுக்குல ஒரு ஆள் ஒளியற அளவுக்கு இடம் இருக்கு, நேத்தே பார்த்து வெச்சுட்டேன். உண்மையைச் சொல்றேன்.

உன் கடிதம் ரெண்டையும் படிச்சேன். நம்பல. நம்பாமலே செய்யலாம்னு எழுதியிருந்தியே, அந்த ஒரு வரியைப் பிடிச்சுட்டுத்தான் சுத்தியல் எடுத்தேன். அஞ்சு மூச்சு உடைச்சேன். ஆறாவதுக்குக் குனிஞ்சப்போ சுத்தியல் கையில இல்ல. மாஸ்டர் பின்னாடி நின்னு பிடுங்கியிருக்காரு. தலைக்கு மேல ஓங்கினாரு. நான் ஓடவும் இல்ல, கத்தவும் இல்ல. முடிஞ்சுதுன்னு கண்ணை மூடிட்டேன்.

"தள்ளு. நீ அடிக்கற அடியில அது முழிச்சுக்கும்"னாரு.

மீதி மூணையும் அவரே உடைச்சாரு. ஒவ்வொண்ணுக்கும் மூணே அடி. எட்டாவது விழுந்ததும் காத்து உள்ள பூந்து திரையெல்லாம் படபடன்னு பறந்துச்சு, ரூம் முழுக்க விசில் மாதிரி ஒரு சத்தம். அவரு சுத்தியலைப் போட்டுட்டு ரெண்டு காதையும் பொத்திட்டு உக்காந்தாரு. நானும் உக்காந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல.

அன்னைக்கு சாயங்காலத்துலேர்ந்து கொட்டகையில இருக்கோம். பயம் குறையல அக்கா. குறைஞ்சுதுன்னு எழுதினா பொய். டாக்டரம்மாகிட்ட எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டியா? மாஸ்டர் இப்போ சாக்கு மூட்டைக்குப் பின்னாடி போயிட்டாரு, "சிரிப்பாங்கடா, எல்லாரும் சிரிப்பாங்க"ங்கறாரு. எங்க அக்காவுக்கு எல்லாரையும் திட்டத்தான் தெரியும், சிரிக்கத் தெரியாதுன்னேன். கையை நீட்டினாரு. பிடிச்சிருக்கேன். இதை இடது கையில எழுதறேன், எழுத்து எப்படி இருக்குன்னு பாக்காத.

துறைக்கு முப்பது அடி. படகு நின்னதும் நீ இறங்கி ஓடி வருவ, எனக்குத் தெரியும் உன்னை. வராத. இன்ஜினியரைத் திரும்பி நிக்கச் சொல்லு. நீயும் கடலைப் பார்த்துட்டு நில்லு. பேர் சொல்லிக் கூப்பிடாத. கூப்பிட்டா ரெண்டு பேரும் ஓடிடுவோம், அப்புறம் எங்களாலயே எங்களைப் பிடிக்க முடியாது.

சும்மா நில்லு. பின்னாடி காலடி கேட்டாலும் திரும்பாத. நாங்க வந்துட்டிருக்கோம்.

வாலு